கடலில் தொங்கவிட்ட சிப்பி

எங்கள் தீவில் இப்போது என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஈவரின் மனைவி ஹெர்டிஸ், விருந்துக்கு வந்த நாற்பது பேர் கண்ணெதிரே கொதிக்கிற சிப்பிப் பானையைக் காலால் எட்டி உதைத்தாள் என்பது அந்தக் கதை. உண்மைதான். காலால் அல்ல, விறகுக் கட்டையால் நெம்பித் தள்ளினேன். அது ஒன்றுதான் திருத்தம். மற்றதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் இருபத்துமூன்றாம் தேதி, நடுக்கோடை விழாவுக்கு, ஈவரின் சொந்தபந்தம் முழுவதும் எங்கள் வீட்டுப் படகுத்துறையில் கூடும். கரையில் பெரிய நெருப்பு மூட்டுவோம். அதற்கு முன்னால் சிப்பி. ஈவரின் அப்பா காலத்தில் துறையின் மரக்கால்களில் ஒட்டியிருப்பதையே சுரண்டிப் பானையில் போடுவார்களாம். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வந்த மறுவருஷமே அதை நிறுத்தினேன். பண்ணையில் வளர்ந்து, சோதனையில் தேறி, எந்தக் கடலில் எடுத்தது, எந்த நாளில் பையில் அடைத்தது என்று சீட்டோடு வருகிற சிப்பிதான் இந்த வீட்டு அடுப்பில் ஏறும் என்று சொல்லிவிட்டேன். ஈவரின் அண்ணன் தோர்ஸ்டீனுக்கு அன்றிலிருந்து என் மேல் கடுப்பு.

"கடல்ல பொறந்தவனுக்குக் கடையில சிப்பி வாங்கிப் போடறா பாருங்கடா, மலைக்காரி" என்பார் ஒவ்வொரு வருஷமும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். நான் பிறந்து படித்த சிற்றூரிலிருந்து கடலுக்கு வர ரயிலில் ஒரு முழுப் பகல் வேண்டும். அங்கே ஆறும் பைன் மரமும்தான். சிப்பியை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அதனால்தான் உட்கார்ந்து அதைப் பற்றிப் படித்தேன். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற ஒன்றைப் பற்றி யாருக்கும் படிக்கத் தோன்றாது.

இந்த வருஷம் முப்பது கிலோ. இருபத்திரண்டாம் தேதி காலைப் படகில் வந்து இறங்கியது. நிலவறையில் இருக்கிற பெரிய ஃபிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து துடைத்து வைத்திருந்தேன். சிப்பிகளைப் பையிலிருந்து எடுத்து அகலமான தட்டுகளில் பரப்பினேன். வடிகிற நீரில் அவை கிடக்காமல் இருக்க ஒவ்வொரு தட்டிலும் ஒரு கம்பிச் சட்டம். மேலே நனைத்துப் பிழிந்த துணி. தண்ணீர் ஊற்றவில்லை, குழாய்த் தண்ணீரில் கடல் சிப்பி செத்துப்போகும். மூடி போடவில்லை, அதற்கும் மூச்சு வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் நான்கு டிகிரி. கதவில் மூன்று தாள்களை ஒட்டினேன். ஒன்று சிப்பியோடு வந்த சீட்டு. இன்னொன்று மறுநாள் எத்தனை மணிக்கு எந்த வேலை என்ற பட்டியல். மூன்றாவது, அந்த வாரம் வந்த எச்சரிக்கை. எங்கள் ஃபியோர்டின், அந்த ஒடுங்கிய கடற்கழியின், வாயிலிருந்து கலங்கரை விளக்கம் வரை தண்ணீரில் விஷப்பாசி பூத்திருக்கிறது, இந்தப் பகுதியில் சிப்பி எடுத்துத் தின்னவேண்டாம் என்று அதில் இருந்தது. எங்கள் துறை அந்த இரண்டு இடத்துக்கும் நட்டநடுவில் இருக்கிறது.

அன்று மாலைப் படகில் நகரத்துக்குப் போனேன். ஈவரின் முதல் மனைவிக்குப் பிறந்த ரக்னா ரயிலில் வருகிறாள். ஏழு மாதம். அவளைத் தனியாகப் பெட்டி தூக்கவிட எனக்கு மனமில்லை. இரவு நகரத்தில் தங்கி, மறுநாள் மூன்றரை மணிப் படகில் இருவரும் தீவுக்குத் திரும்பினோம்.

"ஒம்பது வாரமா எனக்குச் சிப்பி நெனப்புதான், ஹெர்டிஸ்" என்றாள் ரக்னா, படகின் கம்பியில் சாய்ந்துகொண்டு. "ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன், திடீர்னு மூக்குல அந்த வாசனை வருது. பக்கத்து சீட்டுக்காரர் பயந்துட்டார், நான் அவர் கோட்டை மோந்து பாக்கறேன்னு."

"நல்லா வெந்ததைத்தான் தருவேன். அரைவேக்காடு கேட்டா கிடையாது."

"எதுவோ குடுங்க. ரெண்டு கிண்ணம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உள்ள இருக்கறவருக்கு."

துறைக்கு வரும்போதே வாசனை வந்துவிட்டது. வெள்ளை ஒயின், பூண்டு, லீக் என்கிற வெங்காயத் தண்டு. என் பட்டியலில் ஐந்து மணி என்று போட்டிருந்தேன். மணி நாலேகால்தான். கரைப் பாறைமேல் மூன்று கல் கூட்டிப் பெரிய பானையை ஏற்றியிருந்தார்கள். தோர்ஸ்டீன் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றிருந்தார். சரி, பசித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ரக்னாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேலே தூவப் பார்ஸ்லித் தழை எடுக்க நிலவறைக்குப் போனேன்.

ஃபிரிட்ஜைத் திறந்தால் பீர். மேலிருந்து கீழ்வரை பீர். என் தட்டுகள் எல்லாம் தொட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன, கம்பிச் சட்டங்களோடு. கதவில் மூன்று தாள்களும் அப்படியே இருந்தன.

ஈவர் உருளைக்கிழங்குக் கூடையோடு படியில் இறங்கி வந்தார்.

"ஈவர், சிப்பி எங்கே?"

"துறையில. அண்ணன் நேத்து சாயங்காலமே பீரோட வந்துட்டார். இடம் பத்தலை."

"துறையிலன்னா?"

"வலைப்பையில போட்டுத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டிருந்தார். அப்பா அப்படித்தானே வெப்பார். பொட்டிக்குள்ள அடைச்சு வெக்கறதைவிட நல்லா இருக்கும்னார். காலையில எடுத்துப் பார்த்தேன், அடேயப்பா, ஒவ்வொண்ணும் அப்படி ஒரு தெம்பு."

அவர் முகத்தில் துளிக் கள்ளமில்லை. கடலோரத்தில் வளர்ந்த ஒருவருக்குச் சிப்பியைக் கடலில் வைப்பதைவிடப் பத்திரமான இடம் எது? உள்ளூர்ச் சிப்பியைப் பறித்தால்தான் தப்பு, கடையில் வாங்கியதற்கு எச்சரிக்கை எதற்கு? சீட்டு ஒட்டியிருக்கிறதே. நல்ல சிப்பியை வாங்கி, எச்சரிக்கை போட்ட தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டிருக்கிறார்கள். சொந்தத் துறை இருக்கிறவர்களால் மட்டுமே செய்யமுடிகிற தப்பு இது. எங்கள் ஊர்க்காரர்களால் நினைத்தாலும் செய்யமுடியாது.

"எத்தனை மணிக்குத் தொங்கவிட்டார்?"

"எட்டு இருக்கும். ஏன்?"

ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் நான் ஓடி அந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை.

முதல் கிண்ணம் அதற்குள் ரக்னாவின் மடியில் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முதலில் என்று தோர்ஸ்டீனே அள்ளிக் கொடுத்திருந்தார். அவள் ஒரு சிப்பியைப் பிளந்து, அதன் ஓட்டாலேயே சதையைக் கவ்வி வாய்க்குக் கொண்டுபோகிறாள். நான் கையைத் தட்டிவிட்டேன். கிண்ணத்தைப் பிடுங்கிப் பாறையில் கொட்டினேன்.

"ஹெர்டிஸ்!"

"தின்னியா? ஒண்ணாவது தின்னியா?"

"எங்கே தின்ன விட்டீங்க? சூடாச்சேன்னு ஊதிட்டு இருந்தேன்" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது அவளுக்கு. ஒன்பது வார ஆசை.

"யாரும் தின்னாதீங்க" என்றேன் சத்தமாக. "கிண்ணத்தைக் கீழ வைங்க. இந்தச் சிப்பி ராத்திரி முழுக்க இந்தத் தண்ணியில கிடந்திருக்கு."

தோர்ஸ்டீன் கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டினார். "வந்துட்டாங்கப்பா பட்டியல் ராணி. ஐயோ தாயே, சிப்பி தண்ணியில கிடக்காம வேற எங்க கிடக்கும்? உங்க ஊர் மரத்துலயா?"

சிரிப்பு. எதிர்வீட்டு யோருன்கூடச் சிரித்துவிட்டுப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஃபிரிட்ஜ் கதவுல எச்சரிக்கை ஒட்டியிருந்தேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன். பறிச்சுத் தின்னாதேன்னு போட்டிருக்கு. நான் எங்கே பறிச்சேன்? நீ வாங்கினதுதான். நீயே வாங்கின சீட்டுச் சிப்பி."

"அந்தச் சீட்டு நேத்து எட்டு மணியோட செத்துப்போச்சு. சிப்பி வாயைத் திறந்து கடலை உறிஞ்சி, இருக்கற பாசியை வடிகட்டி வயித்துல வெச்சுக்கும். ஒரு சிப்பி மணிக்கு ரெண்டு லிட்டர்னு வைங்க. நேத்து எட்டுலேர்ந்து இன்னைக்குப் பானையில போடற வரைக்கும் கணக்குப் போடுங்க."

"கணக்கு! இங்க விருந்தா நடக்குது, பரீட்சையா நடக்குது?" அவர் பக்கத்தில் இருந்த வலைப்பைக்குள் கைவிட்டு, வேகாத சிப்பி ஒன்றை எடுத்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அதை இன்னொன்றோடு தட்டினார். அது மெல்ல மூடிக்கொண்டது. கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "பாருங்க! தட்டினா மூடுது. உயிரோட இருக்கு. நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் இந்தச் சோதனை பண்ணித்தான் தின்னாங்க. செத்துட்டாங்களா?"

"உயிரோட இருக்குன்னு எனக்கும் தெரியுது. நல்லா இருக்குன்னும் தெரியுது. நல்லா இருக்கறதாலதான் நல்லாக் குடிச்சிருக்கு. தட்டிப் பார்த்தா கெட்டுப்போனது தெரியும். விஷம் குடிச்சது தெரியாது. அது சிப்பியை ஒண்ணும் பண்ணாது. தின்னவரைத்தான் பண்ணும்."

"கொதிக்க வெச்சா எல்லாம் போயிடும்மா."

"கிருமி போகும். பாசி விஷம் போகாது. ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சாலும் போகாது. கழுவினாலும் போகாது, ஒயின்ல ஊறவெச்சாலும் போகாது."

ஈவர் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தார். "ஹெர்டிஸ், கொஞ்சம் மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். பார்க்கத்தான் சொல்றேன்."

தோர்ஸ்டீன் அடுப்பிலிருந்து ஒரு பெரிய கரண்டி அள்ளினார். "யாருக்கு வேணும்? தைரியம் இருக்கறவன் கிண்ணத்தை நீட்டு. பயந்தவங்க எல்லாம் ஹெர்டிஸ்கிட்ட போயி ரொட்டி வாங்கித் தின்னுங்க."

அதுதான் தப்பாகப் போயிற்று. அப்படிச் சொன்னால் யார் பயந்தவன் என்று காட்டிக்கொள்வான்? நாலைந்து கிண்ணம் நீண்டது. பிறகு இன்னும் பத்து. ஈவரின் சித்தப்பா மகன்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஒரு பெண் தன் நாலு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள். இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பேச்சு அவருடைய ஆட்டம். அவருக்கு அது நன்றாக வரும்.

நெருப்புக்காக அடுக்கிவைத்திருந்த விறகிலிருந்து ஒரு நீளமான கட்டையை உருவினேன். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. சுடும்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கட்டையின் முனையைப் பானைக்கும் கல்லுக்கும் நடுவில் செருகி, என் முழு பாரத்தையும் போட்டு நெம்பினேன்.

பானை சரிந்தது. ஒயினும் கிரீமும் ஆவியும் புஸ்ஸென்று எழும்பின. கறுப்பு ஓடுகள் சரசரவென்று பாறைமேல் வழிந்து ஓடின. அடுப்பு அணைந்தது. கடற்காக்கைகள் எங்கிருந்தோ வந்து கத்தின.

"யோருன், உன் நாயைப் பிடி!" என்றேன். நாய் அதற்குள் கிரீமை நக்கக் கிளம்பிவிட்டது. யோருன் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். "பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்!"

மண்வாரியும் கறுப்புக் குப்பைப் பைகளும் கொண்டுவந்து நானே அள்ளினேன். வேகாமல் இருந்த மூன்று வலைப்பைகளையும் அள்ளினேன். ஆறு பை ஆயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. பாதி வேலையில் ரக்னா மட்டும் வந்து பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

தோர்ஸ்டீன் கரண்டியை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். "உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றார் கடைசியில். "நான் ருசி பார்க்கும்போதே பதினெட்டு தின்னுட்டேன்."

"சொன்னது நல்லதாப் போச்சு. உதடோ விரல் நுனியோ மரத்துப்போனா உடனே சொல்லுங்க, டாக்டர் படகைக் கூப்பிடறேன். வயித்தாலே போனாலும் சொல்லுங்க."

"எனக்குப் போகாது."

"போகாம இருந்தா எனக்கும் சந்தோஷம்தான்."

அன்றைக்கு விருந்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு இருந்தது. சாஸேஜ் பாதிப் பேருக்குத்தான் வந்தது. மீதிப் பேர் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். பீர் மட்டும் நன்றாகக் குளிர்ந்திருந்தது. அந்த பீரைக் கயிற்றில் கட்டிக் கடலில் தொங்கவிட்டிருந்தால் ஒரு கேடும் வந்திருக்காது என்று யோருனிடம் சொன்னேன். அவள் சிரிக்கலாமா கூடாதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நெருப்பு மூட்டினபோது எல்லோரும் நெருப்பைப் பார்க்கவில்லை, தோர்ஸ்டீனைத்தான் பார்த்தார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அறுபத்துமூன்று வயதில் நெருப்பைச் சுற்றி மூன்று ஆட்டம் ஆடினார். என்னைக் கடந்து போகும்போதெல்லாம் வயிற்றைத் தட்டிக்காட்டினார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குக் குளித்து, சவரம் செய்து, சமையலறை வாசலில் வந்து நின்றார். ராத்திரி தங்கிப்போன பதினோரு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் என்னை நல்லாப் பார்த்துக்குங்க" என்றார். "பதினெட்டு சிப்பி. ஒரு ஏப்பம்கூட வரலை. இப்ப ஹெர்டிஸ் முன்னால வந்து நின்னு, நான் பண்ணது தப்புன்னு எல்லாருக்கும் சொல்லணும். நாற்பது பேர் சாப்பாட்டைப் பாறையில கொட்டினதுக்கு."

நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். மேஜையில் யாரும் தலைநிமிரவில்லை. ஈவர் என் பக்கத்தில் வந்து, வாய்க்குள்ளேயே சொன்னார்: "ஒரு வார்த்தைதானே. சொல்லிடேன். அவருக்கும் திருப்தி, நமக்கும் நிம்மதி."

"சொல்லமாட்டேன்" என்றேன். ஈவருக்கு இல்லை, மேஜைக்குச் சொன்னேன். "நான் சொன்னது சரின்னு ஆகறதுக்கு உங்க வயிறு கெட்டுத்தான் ஆகணும்னு இல்ல, தோர்ஸ்டீன். ராத்திரி பாசி எந்தப் பக்கம் ஒதுங்கிச்சு, எந்தச் சிப்பி எவ்வளவு குடிச்சுது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததை நீங்க தின்னீங்க. அது உங்க வயிறு, உங்க இஷ்டம். தெரியாததை நாலு வயசுப் பிள்ளைக்கும் வயித்துப் பிள்ளைக்காரிக்கும் கிண்ணத்துல போட நான் விடமாட்டேன். நேத்து விடலை. நாளைக்கும் விடமாட்டேன். இன்னொரு தடவை அந்தப் பானை அடுப்புல இருந்தா, இன்னொரு தடவை கவுப்பேன்."

"இது எங்க அப்பா கட்டின துறை!"

"துறையை நான் ஒண்ணும் சொல்லலையே. சமையலைத்தான் சொல்றேன்."

அவர் என்னை விட்டுவிட்டு ஈவரிடம் திரும்பினார். முகம் சிவந்துபோயிருந்தது. "கேட்டியாடா? இவ வாயால மன்னிப்பு வர்ற வரைக்கும் இந்தத் துறையில நான் கால் வெக்கமாட்டேன். நீயே சொல்லு. நானா, இவளா?"

ஈவருக்குச் சண்டை என்றால் ஆகாது. பதினொரு வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என் மனதில் ஒரு முடிவு ஏற்கனவே ஆகியிருந்தது. ஈவர் என்ன சொன்னாலும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. தனியாக நிற்கவேண்டி வந்தால் தனியாக நிற்பேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

ஈவர் ரக்னாவைப் பார்த்தார். அவள் வயிற்றின்மேல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பதினொரு மணிக்குப் படகு இருக்கு, அண்ணே" என்றார். "பெட்டியை நான் தூக்கிட்டு வரேன்."

தோர்ஸ்டீன் போய்விட்டார். ஈவர் துறைவரை போய் வழியனுப்பினார். நான் போகவில்லை.

புதன்கிழமை இரண்டு கிலோ சிப்பி வந்தது, புதுச் சீட்டோடு. அன்று வந்ததை அன்றே செய்தேன். சமைக்கப் போகிற நேரத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் சட்டென்று அலசி எடுத்தேன். ஓடு உடைந்திருந்த இரண்டை எறிந்தேன். வாய் திறந்திருந்த ஐந்தைத் தட்டினேன். மூன்று மூடிக்கொண்டன, மூடாத இரண்டையும் எறிந்தேன். ஓரத்தில் தாடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் நார்க்கொத்தை, இரண்டு ஓடும் சேர்கிற கீல் பக்கமாக இழுத்துப் பிய்த்தேன். பானையில் வெண்ணெய், லீக், ஒயின். கொதி வந்த பிறகு சிப்பியைப் போட்டு, மூடி, எல்லாம் வாய் விரிந்த பிறகும் நாலு நிமிஷம் விட்டேன், ரக்னாவுக்கு ஆயிற்றே. ஒன்று திறக்கவே இல்லை. ஈவர் கத்தியை எடுத்து அதை நெம்பிப் பார்க்கப் போனார். நான் அவரைப் பார்த்தேன். கத்தியை வைத்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

ரக்னா ஐம்பத்துமூன்று தின்றாள். ஓடுகளை வரிசையாக அடுக்கி எண்ணிக்காட்டினாள். பிறகு விரலை நக்கிக்கொண்டே, "அன்னைக்கு என் கையைத் தட்டின இடம் இன்னும் வலிக்குது" என்றாள்.

"வலிக்கட்டும்" என்றேன்.

அவள் ரயிலேறிப் போன மறுநாள், மேஜையைத் துடைத்துவிட்டுச் சிப்பிக் கடைக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த வருஷம் ஜூன் இருபத்துமூன்றாம் தேதிக்கு முப்பது கிலோ வேண்டும்; முந்தின நாள் வேண்டாம், விழா நாளன்றே காலைப் படகில் அனுப்பவேண்டும்; பையை என் கையில் தவிர வேறு யார் கையிலும், ஈவரின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு யார் வந்து கேட்டாலும், கொடுக்கக்கூடாது. ஒரு வருஷம் முன்னாலேயா என்று ஈவர் கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். தோர்ஸ்டீனையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன் என்றேன். வருவதும் வராததும் அவர் இஷ்டம். வந்தால் அவருக்கும் ஒரு கிண்ணம் உண்டு, நான் சமைத்தது.